இவருக்குப் பதில் இவர்

சுனாமி காலனியில் சாயங்காலம் ஏழரைக்கு மேல் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தால் நாடகத்தில் ஒரு வசனம்கூடத் தவறிப்போகாது. வீடுகள் அவ்வளவு நெருக்கம், சுவர்கள் அவ்வளவு மெலிசு. முதல் வீட்டில் மாமியார் மருமகளை வெளியே போகச் சொன்னால், மருமகள் அழுவதைக் கடைசி வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொள்ளலாம். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த கலர் டிவி எல்லா வீட்டிலும் ஒரே அலமாரித் தட்டில், ஒரே சத்தத்தில் இருந்தது. குளச்சலுக்கு மேற்கே கடலை ஒட்டி இருந்த பழைய ஊரை அலை கொண்டுபோன பிறகு மேட்டில் கட்டிக் கொடுத்த காலனி அது. கடல் இரைச்சல் மேடு வரைக்கும் வரும். ஆனால் நாடக நேரத்தில் அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

டிவி ஒன்றுபோல இருந்ததே தவிர ருசி ஒன்றுபோல இல்லை. தேவகனிக்குக் குடும்ப நாடகம்தான் உயிர். அழ வேண்டும், பிரிய வேண்டும், செத்துப்போனதாக நினைத்தவன் சரியாகத் தாலி கட்டுகிற நேரத்தில் மண்டப வாசலில் வந்து நிற்க வேண்டும். பக்கத்து வீட்டு பிரிஜாவுக்குப் பேய் நாடகம். பட்டப்பகலில் கொல்லைப்பக்கம் தனியாகப் போகப் பயப்படுகிறவள், கொலுசுச் சத்தம் கேட்கிற நாடகம் என்றால் சோற்றுத் தட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவாள். அம்மன் நாடகத்துக்கும் தெருவில் ஆள் உண்டு. அம்மன் கண்ணைத் திறந்ததும் இவர்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா என்று ஒருத்தி பங்குச்சாமியாரிடம் கேட்டதற்கு, அது எத்தனை மணிக்கு வருகிறது என்று அவர் திருப்பிக் கேட்டாராம். ஆண்கள் நாடகமே பார்ப்பதில்லை. டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டு, நடுநடுவே யார் யாரை ஏமாற்றினாள் என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

தேவகனியின் மருமகள் விக்டோரியாவுக்குப் பிடித்தது துப்பறியும் நாடகம். வாரத்துக்கு ஒருநாள்தான் வரும், அதற்காக ஆறு நாளும் மாமியாரோடு உட்கார்ந்து அழுகை நாடகத்தைச் சகித்துக்கொள்வாள். சகிப்பது என்றாலும் சும்மா சகிக்க மாட்டாள். இப்போது பச்சைச் சேலை கட்டியிருந்தவள் கதவைத் திறந்து வெளியே வரும்போது நீலச் சேலைக்கு எப்படி மாறினாள், ஆஸ்பத்திரியில் இடது கையில் இருந்த கட்டு வீட்டில் வலது கைக்கு எப்படிப் போனது என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். உனக்கு ஒரு நாடகத்தை நாடகமாகப் பார்க்கத் தெரியாது என்று தேவகனி சலித்துக்கொள்வாள்.

அந்த வருடம் குடும்ப நாடகத்தில் மூத்த மகனாக நடித்தவன் திடீரென்று ஆள் மாறிப்போனான். சம்பளத் தகராறோ சினிமா வாய்ப்போ, யார் கண்டது. நேற்றுவரை தடித்த மீசையும் கனத்த தோளுமாக இருந்தவன் இன்று ஒல்லியாக, நெற்றி ஏறி வந்து நின்றான். படத்துக்குக் கீழே ஓரமாக ஒரு வரி வந்தது, இனி இவருக்குப் பதில் இவர் என்று. நாடகத்து அம்மா அவனைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்டாள். நாடகத்துப் பெண்டாட்டி துண்டை எடுத்து நீட்டினாள். காலனி முழுக்க ஒரே ஆத்திரம். இனி அந்த நாடகத்தின் பக்கமே தலைவைக்க மாட்டேன் என்று பிரிஜா மாதாவின் மேல் சத்தியம் செய்தாள். நாலைந்து நாள் போனதும் எல்லாம் அடங்கிவிட்டது. ஒரு மாதம் கழித்து விக்டோரியா சும்மா கேட்டுப் பார்த்தாள், பழைய ஆளுக்கு மீசை இருந்ததா இல்லையா என்று. ஒருத்திக்கும் சொல்லத் தெரியவில்லை. இவன் எப்போதும் இப்படித்தானே இருக்கிறான் என்றாள் தேவகனி. விக்டோரியாவுக்கு அன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அவளுடைய புருஷன் யூஜின் கடலுக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. கொச்சியிலிருந்து விசைப்படகில் சுறாத் தூண்டிலுக்குப் போனவன். போன படகு திரும்பவில்லை. எல்லை தாண்டிப் பிடிபட்டு ஏதோ வெளிநாட்டு ஜெயிலில் கிடக்கிறார்கள் என்று ஒரு பேச்சு, காற்றில் படகே முங்கிவிட்டது என்று இன்னொரு பேச்சு. உடல் கிடைக்காதவனுக்கு அந்த ஊரில் அடக்கப் பூசை தானாக நடக்காது. துக்க மணி அடிக்க மாட்டார்கள், பெண்டாட்டியின் தாலியைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்காரர்களே சாமியாரிடம் போய், இனிப் பூசை வைக்கலாம் என்று தங்கள் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாதவரை அவன் உயிரோடிருக்கிறான். தேவகனி சொல்லவில்லை. விக்டோரியாவுக்கும் அந்த வார்த்தை வரவில்லை.

கல்யாண ஆல்பம் சுனாமியில் போயிற்று. மிச்சம் இருந்த ஒரே பாஸ்போர்ட் சைஸ் படத்தை, காணாமல் போனவனைத் தேடித் தரச்சொல்லிக் கொடுத்த மனுவில் ஒட்டிவிட்டாள். அந்த மனு நாகர்கோவில், சென்னை, டெல்லி என்று ஊர் ஊராகப் போய் எங்கேயோ படுத்துவிட்டது. ஆக யூஜினின் முகம் அவள் மனசுக்குள் மட்டும்தான் இருந்தது. தினமும் ஜெபமாலை சொல்லி முடித்ததும் கண்ணை மூடி அந்த முகத்தை ஒருமுறை முழுசாகப் பார்த்துக்கொள்வாள். இடது புருவத்தில் ஒரு வெட்டு. சிரிக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்கிற உதடு. தூண்டில் கயிறு அறுத்து நுனி போன சுட்டுவிரல். எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எழுந்திருப்பாள். தான் மறந்துபோனால் அவன் நிஜமாகவே போய்விடுவான் என்று நம்பினாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாத அந்தப் பயத்தில்தான் அவள் நாட்கள் ஓடின.

ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் தட்டியது. தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருக்கிற யேசுரத்தினம் நின்றான். பின்னால் ஒருவன், தோளில் ஒரு பை, சவரம் செய்யாத முகம், நனைந்த சட்டை. யூஜின் வீடு எது என்று கடையில் வந்து கேட்டான், அதனால் கூட்டி வந்தேன் என்று யேசுரத்தினம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அந்தப் புதியவனும் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

தேவகனி டிவியிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள். ஒரு விளம்பரம் ஓடி முடிகிற நேரம் பார்த்தாள். பிறகு பாயில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து இடம்விட்டாள்.

"வா மக்கா. சோறு உண்டியா?"

வந்தவனின் வாய் திறந்தபடியே நின்றது. யேசுரத்தினம் தேவகனியைப் பார்த்தான், விக்டோரியாவைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டான். தேவகனி தட்டில் சோறு போட்டு மீன்குழம்பு ஊற்றி வைத்தாள். அவன் தின்றான். தின்று முடித்துக் கை கழுவி வந்தவன், டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். நாடகத்தில் கெட்ட மருமகள் கத்துவதைக் கேட்டு, தொண்டை கட்டிய குரலில், அவள் இன்னும் சாகவில்லையா என்று கேட்டான். யூஜின் எப்போதும் கேட்கிற கேள்வி அது. தேவகனி வாய்விட்டுச் சிரித்தாள். முதல் வகுப்புப் படிக்கிற மகள் ரெஜிஷா, தகப்பன் போகும்போது விவரம் தெரியாத பிள்ளை, நகர்ந்து நகர்ந்து வந்து அவன் முழங்காலில் சாய்ந்துகொண்டாள்.

விக்டோரியா அடுப்பங்கரை வாசலில் நின்றாள். புருவத்தில் வெட்டு இல்லை. பத்து விரலும் முழுசாக இருந்தன.

விடிவதற்குள் தெருவே திரண்டு வந்தது. பெண்கள் அவன் கன்னத்தைத் தடவி அழுதார்கள். ஆண்கள் தோளைத் தட்டினார்கள். ஜெயிலில் ரொம்ப அடித்தார்களா என்று கேட்டார்கள். அவன் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டான், அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் அழுதார்கள். விக்டோரியா பிரிஜாவைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போய், இது அவர் இல்லை, உனக்குக் கண் இல்லையா என்று கேட்டாள். பிரிஜா அவளை நேருக்கு நேர் பார்க்கவில்லை. ஜெயிலில் கிடந்தால் ஆள் மாறமாட்டானா என்றாள். விரல் எப்படி முளைத்தது என்று விக்டோரியா கேட்டாள். எந்த விரல் என்றாள் பிரிஜா.

குடும்ப நாடகம் பார்க்கிறவர்களுக்கு ஆள் திரும்பி வந்தால் போதும். துப்பறியும் நாடகம் பார்க்கிறவளுக்கு வந்தது யார் என்று தெரிந்தாக வேண்டும். விக்டோரியா விசாரணையைத் தொடங்கினாள். அவன் நிச்சயம் தடுமாறுவான் என்று எதிர்பார்த்துக் கல்யாணப் பந்தியில் என்ன குறைந்தது என்று கேட்டாள். பப்படம், உன் சித்தப்பா இலையை மடக்கிவிட்டு எழுந்தார் என்றான். சுனாமி அன்று ஓடும்போது தன் கையில் என்ன இருந்தது என்று கேட்டாள். கிறிஸ்துமசுக்குச் செய்த கேக்கில் மிச்சம் வைத்த தட்டு, மேட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அதைப் பார்த்து அழுதாய் என்றான். அதை அவள் யூஜினைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் அவனுக்குத் தெரியாததும் இருந்தது, அது இன்னும் வினோதம். பிரிஜாவின் புருஷன் குவைத்தில் எந்தெந்தக் கம்பெனியில் சண்டை போட்டு வெளியே வந்தான் என்று வரிசையாகச் சொன்னான். பிரிஜா எதிரில் வந்து நின்றபோது அவள் யாரென்று தெரியாமல் விழித்தான். விக்டோரியாவின் கழுத்தில் இருந்த பெரிய மச்சத்தைப் பார்த்து ஒருமுறை ஆச்சரியப்பட்டான். காதால் கேட்கக்கூடியது எல்லாம் அவனுக்குத் தெரிந்தது. கண்ணால் பார்த்தால் மட்டும் தெரியக்கூடியது ஒன்றும் தெரியவில்லை. இதை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வருவது என்று அவளுக்குப் புரியவில்லை.

அவனால் ஒரு தொந்தரவும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். வெளி அறையில் படுத்தான். அவள் பக்கம் தப்பாக ஒரு பார்வை பார்த்ததில்லை. மீன் ஏலக்கூடத்துக்கு ஐஸ் கொண்டுபோகும் வண்டியில் வேலைக்குச் சேர்ந்தான், சம்பளத்தைத் தேவகனியிடம் கொடுத்தான். ரெஜிஷாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனான். யூஜின் என்று கூப்பிட்டால் ஒரு கணம் தாமதித்துத்தான் திரும்புவான், அந்தத் தாமதத்தை அவள் ஒருத்திதான் கவனித்தாள். நாளாக ஆக அதுவும் குறைந்துகொண்டே வந்தது.

ஒருநாள் காலையில் தேவகனி கொல்லையில் சாளை வெட்டிக்கொண்டிருந்தாள். விக்டோரியா எதிரே போய் உட்கார்ந்தாள்.

"மாமி, அது உங்க மொவன் இல்ல."

கத்தி நிற்கவில்லை.

"எனக்குத் தெரியாதாட்டி? பெத்தவ நானாக்கும்."

பின்னே எதற்கு அவனை உள்ளே கூப்பிட்டீர்கள் என்றாள் விக்டோரியா.

"நாடகத்துல ஆளு மாறுனப்பம் அந்தத் தாய்க்காரி என்ன செய்தா? சாப்பிட்டியான்னு கேட்டா. கத நடக்கணும்லா மக்கா. நீ யாருன்னு கேட்டிருந்தா அங்கயே எல்லாம் முடிஞ்சிரும்." தேவகனி வெட்டிய மீனைச் சட்டியில் போட்டாள். "இல்ல, முடிக்கணும்னா நீ போய்ச் சாமியார்ட்ட சொல்லு, பூச வைக்கச் சொல்லி. எனக்க வாயால வராது."

அவள் குரலில் கோபமோ பைத்தியமோ இல்லை. உப்பு போதுமா என்று கேட்பது போலத்தான் சொன்னாள். விக்டோரியாவைப் பயமுறுத்தியது அதுதான். தெருவே தெரிந்துதான் செய்கிறது என்று அப்போது அவளுக்கு உறைத்தது. யாரும் ஏமாறவில்லை. மகனை இழந்தவள் ஒருவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள், மற்றவர்கள் நாலு நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொண்டார்கள்.

அவள் சாமியாரிடம் போகவில்லை. தன் மனசுக்குள் யூஜின் பத்திரமாக இருக்கிறான், யார் எவனை எப்படிக் கூப்பிட்டால் தனக்கென்ன என்று வைராக்கியமாக இருந்தாள்.

முதலில் போனது விரல். ஒருநாள் ஜெபமாலை முடித்துக் கண்ணை மூடியபோது, நுனி போன சுட்டுவிரல் இடது கையா வலது கையா என்று சந்தேகம் வந்தது. மறுநாள் அப்படி ஒரு விரல் இருந்ததா என்றே சந்தேகம் வந்தது. பிறகு புருவம். வெட்டு எந்தப் பக்கம் என்று தேடும்போதே புருவம் நழுவிப் போயிற்று. அவள் வியர்த்து எழுந்து, முகத்தை ஒவ்வொரு துண்டாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். வெட்டு, உதடு, விரல். வார்த்தைகள் இருந்தன, முகம் வரவில்லை. வற்புறுத்திக் கூப்பிட்டபோது ஒரு முகம் வந்தது. ஒல்லியாக, நெற்றி ஏறி, முழு விரல்களோடு. வெளி அறையில் படுத்திருக்கிறவனின் முகம். அன்று அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். அப்பா எப்படி இருப்பார் என்று ரெஜிஷாவிடம் கேட்டதற்கு, பிள்ளை அம்மாவை விசித்திரமாகப் பார்த்துவிட்டு வெளி அறையைக் காட்டினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை தேவகனி பேத்தியைக் கூட்டிக்கொண்டு அந்தோணியார் கோயில் நவநாள் ஜெபத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் இவள் ஒருத்தி, வெளி அறையில் அவன். நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் கரண்ட் போயிற்று. காலனியின் எல்லா வீட்டிலும் ஒரே வார்த்தையின் நடுவில் சத்தம் அறுந்தது. அந்த அமைதியில் கடல் கிட்டே வந்துவிட்டது போலக் கேட்டது. விக்டோரியா மெழுகுவர்த்தி தேடவில்லை. இருட்டில் அவன் முகம் தெரியாது என்பது அவளுக்குத் தைரியமாக இருந்தது.

"நீங்க யாரு?"

அவன் பேச ஆரம்பித்தான். பெயர் ஏசுஅடிமை. பொழியூருக்கு அப்பால் ஊர், அங்கே அவனுக்கென்று யாரும் மிச்சமில்லை. வேறொரு படகில் போய்ப் பிடிபட்டவன். ஆளுக்கொரு அறையாக அடைத்துப்போட்டிருந்த இடத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் யூஜின் இருந்தான். தினமும் சாயங்காலம் யூஜின் சுவரோரம் உட்கார்ந்து இந்த வீட்டுக் கதையைச் சொல்வானாம். அம்மா, விக்டோரியா, பிள்ளை, பிரிஜா வீட்டுச் சண்டை, கல்யாணப் பந்தி, கேக் தட்டு, அம்மா பார்க்கிற நாடகத்தில் இதுவரை நடந்தது எல்லாம். அந்த நேரத்துக்காகவே தான் பகல் முழுக்கக் காத்திருந்ததாகச் சொன்னான். ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லை. காய்ச்சலில் போய்விட்டான் என்று காவல்காரன் சொன்னான்.

"என்ன வெளிய விட்டதும் அதச் சொல்லத்தான் வந்தேன். வாசல்ல நின்னேன். அம்ம என்னச் சொல்ல விடல்ல."

விக்டோரியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழ வேண்டும் என்று இருந்தது, ஆனால் யாரை நினைத்து அழுவது, முகம் வரவில்லையே. இரண்டு வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்தவனைத் தான்தான் தொலைத்துவிட்டோம் என்று நொந்துகொண்டாள். இவன் ஒருவனாவது பார்த்திருப்பான் என்ற நினைப்பு அதற்குள் எழுந்து வந்தது.

"அவியளுக்க மொகம் எனக்கு வரமாட்டேங்குது. நீங்க சொல்லுங்க. எப்பிடி இருந்தாவ?"

"நான் பாத்ததில்ல," என்றான் அவன். "எடையில செவரு."

அவளுக்கு உலகத்தில் இனி யாரிடமும் கேட்க ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது. இருட்டில் அவன் நகர்ந்து சுவரோரம் போகிற சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமினான். எப்போதும் கட்டியிருக்கிற அந்தத் தொண்டை மெல்ல மெல்ல இளகியது.

"ஏட்டி விக்டோரியா, மழ வருகுது பாரு. துணியெல்லாம் எடுத்தியா?"

அது ஏசுஅடிமையின் குரல் இல்லை. கடைசி எழுத்தை ஒரு பக்கமாக இழுத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். யூஜின்தான், அறைக்குள், இரண்டு முழம் தள்ளி. அந்தக் குரல் வந்ததும் சாய்ந்த உதடு வந்தது. புருவத்தில் வெட்டு வந்தது, இடது புருவம்தான். எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன.

அப்போது கரண்ட் வந்தது. காலனி முழுக்க நாடகம் விட்ட இடத்திலிருந்து அலறியது. குழல்விளக்கு இரண்டு தரம் கண்ணடித்துவிட்டு எரிந்தது. சுவரில் சாய்ந்திருந்த ஒல்லியான ஒருவன் வெளிச்சம் தாங்காமல் கண்ணைப் பொத்திக்கொண்டான். அவன் தெரிந்த அந்த நொடியில் மற்றவனின் முகம் மறைந்துபோயிற்று.

விக்டோரியா எழுந்தாள். டிவியை நிறுத்தினாள். விளக்கை அணைத்தாள். ஜன்னல் கதவையும் சாத்தி, பிரிஜா வீட்டு வெளிச்சம் உள்ளே வராமல் தாழ் போட்டாள். பூசை வைக்கச் சொல்லி இனி ஒருநாளும் தன் வாய் சாமியாரிடம் சொல்லாது என்று அவளுக்குத் தெரிந்தது, அது தெரிந்ததில் பயமும் இருந்தது, வெட்கமில்லாத ஒரு நிம்மதியும் இருந்தது. தடவிக்கொண்டே வந்து சுவரோரம் அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"இல்ல, எடுக்கல்ல," என்றாள். "துணி கொடியிலதான் கெடக்கு. நீங்க எப்பம் வந்தியோ?"